எலுமிச்சம்பழத்தை வெட்டாமல் பிழிவது

சரி என்று சொல்லிவிட்டாள். சொல்லி, ஃபோனை அடுப்பு மேடை ஓரத்தில் கவிழ்த்து வைத்து, ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, புதினாக் கட்டின் ரப்பர் பேண்டை உருவும்போதுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது, எலுமிச்சம்பழத்தை வெட்டியாக வேண்டும் என்பது. ஃபெலிக்ஸ் துறைமுகத்திலிருந்து பேசினான். கப்பல் ஒன்று சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறதாம், அதனால்தான் விடியுமுன்னே ஆபீஸிலிருந்து கூப்பிட்டுவிட்டார்களாம், காகிதமெல்லாம் பார்த்துக் கொடுத்துவிட்டு வர சாயங்காலம் ஆகுமாம், வெயில் மண்டைக்குள் இறங்கிக் கண்ணு ரெண்டும் எரிகிறதாம். "ஏ ஜெசி, கல்யாணமான புதுசுல நீ ஒரு ஜூஸ் போடுவியே, எலுமிச்சம்பழம், புதினால்லாம் தட்டிப் போட்டு. அதக் கொஞ்சம் போட்டு ஃப்ரிட்ஜுல வையேன், வந்ததும் குடிக்கணும்" என்றான். கல்யாணமான புதுசுல என்றானே, அதில் மனசு குளிர்ந்துபோய் வாய் தானாகச் சரி என்றுவிட்டது. இந்த வாய் எப்போதும் அப்படித்தான், கையைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளும். தினமும் ஃபெலிக்ஸ் வேலைக்குப் போகுமுன் அன்றைக்குத் தேவையான வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய், எல்லாவற்றையும் வெட்டி டப்பாக்களில் அடைத்து வைத்துவிட்டுப் போவான். வெட்டி முடித்ததும் கத்தியைக் கழுவி, ஸ்டூல் போட்டு ஏறி, ஹாலில் இருக்கும் பரணில் வைத்துவிட்டு இறங்குவான். இன்றைக்கு எதையும் வெட்டாமல் ஓடிவிட்டான். அதனால் மதியத்துக்கு வெறும் பருப்பும் அவித்த முட்டையும். முட்டையைக்கூட அவள் நூல் வைத்துத்தான் ரெண்டாக்கினாள். நூலால் எலுமிச்சம்பழத்தை அறுக்க முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தும் பார்த்தாள்.

பரவாயில்லை, முதலில் புதினா. புதினா கிள்ளுவது போலச் சுகமான வேலை வேறு இல்லை, இதற்குக் கத்தி வேண்டாம், நகம் போதும், நகம் போன இடமெல்லாம் மணக்கும். முற்றின இலையை ஒதுக்கி, கறுத்ததை ஒதுக்கி, கொழுந்தாகப் பார்த்துச் சட்டியில் போடப் போட, சமையல்கட்டு முழுக்கப் பச்சையாக ஒரு குளிர்ச்சி பரவியது. வெளியே தூத்துக்குடி வெயில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக நின்றது. உள்ளே சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. தரையில், வாசல்படியிலிருந்து கொஞ்சம் தள்ளி, மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாத இடமாகப் பார்த்துப் போட்ட பாயில் செலின் தூங்கிக்கொண்டிருந்தாள். கை ரெண்டையும் தலைக்கு மேலே தூக்கி, யாரோ பிடித்து நிறுத்திச் சோதனை போடுகிற மாதிரி. உதடு மட்டும் பால் குடிக்கிற பாவனையில் அசைந்தது. என்னவொரு உதடு. பார்த்துக்கொண்டே இருக்கலாம், இலையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குள் சர்க்கரை கரைகிற மாதிரி இருக்கிறது, இப்போது மட்டும் அது வராமல் இருந்தால் போதும், என்று நினைத்ததுமே, நினைத்த அந்த இடத்திலேயே, அது வந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கும்போதுதான் அது வரும். அழுதுகொண்டிருக்கும்போது, தூக்கத்துக்கு ஏங்கிக் கிறுகிறுத்துக் கிடக்கும்போது எல்லாம் அதற்கு வேலை இல்லை. கையில் கத்தி இருந்து, பக்கத்தில் பிள்ளையும் இருந்து, கை தன் பாட்டுக்கு ஏதாவது செய்துவிட்டால்? அவ்வளவுதான் அந்த நினைப்பு. ஒரு வரிகூடத் தேறாது. அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் நாலு மாசமாக இந்த வீட்டில் கத்தி பரணில் குடியிருக்கிறது, அரிவாள்மனை வீட்டைவிட்டே போய் ஃபெலிக்ஸின் நண்பன் வீட்டில் இருக்கிறது.

முதல்முதலில் அது வந்தது மாமியின், ஃபெலிக்ஸின் அம்மாவின், புண்ணியத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, மாமி பிள்ளைக்குப் பாய் விரித்தாள், பாயின்மேல் மெத்தைத் துணி, தலைமாட்டில் குருத்தோலைச் சிலுவை, துணிக்கடியில் ஒரு சின்னக் கத்தி. பச்சைப் பிள்ளை தூக்கத்தில் பயந்துவிடாமல் இருக்க இரும்பு ஒன்று பக்கத்தில் கிடக்க வேண்டுமாம். ஜெசிந்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா மஸ்கட்டில் நர்ஸ், அப்பா அங்கேயே ஸ்டோர் கீப்பர், அவள் வளர்ந்தது கான்வென்ட் ஹாஸ்டலில். அங்கே பயத்துக்கு ஜெபமாலை உண்டு, கத்தி கிடையாது. துணி மாற்றக் குழந்தையைத் தூக்கினவள், கீழே பிடி தெரிந்ததும் கிலுகிலுப்பையோ என்னமோ என்று கையை உள்ளே விட்டு எடுத்துவிட்டாள். ஒரு கையில் செலின், ஒரு கையில் கத்தி. அந்த நொடியில்தான். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, எங்கும் படிக்கவில்லை, தலைக்குள் ஒரு கதவு தானாகத் திறந்து, அந்த வரி உள்ளே வந்து, உட்கார்ந்தது. செலினை மாமியின் மடியில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் ஓடிக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் மாமி, "ஜெசி, ரெண்டு வெங்காயம் உரிச்சு நறுக்கித் தாம்மா" என்றபோது எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ, "எங்க வீட்டு வழக்கத்துல பிள்ள பெத்தவ இரும்பு தொடமாட்டா மாமி" என்றாள். எத்தனை நாளைக்கு என்று மாமி கேட்டாள். "பல்லு மொளைக்கிற வரைக்கும்." மாமி மூக்கின்மேல் விரலை வைத்து, "பாத்தியா, நல்ல வழக்கம், எங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்று அசந்துபோனாள். அதோடு விட்டிருக்கலாம். ஊருக்குத் திரும்பிப் போய், கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லி, இப்போது அங்கே ரெண்டு வீட்டில் பிள்ளை பெற்ற மருமகள்கள் மீன் அறுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்களாம். கூர் இரும்பு கண்ணிலேயே படக்கூடாது என்று அதே வழக்கத்தைச் சொல்லித்தான் ஃபெலிக்ஸையும் கத்தியைப் பரணில் ஏற்ற வைத்திருந்தாள். அவன் இதைச் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்த வாய் வலித்தது. இல்லாத ஒரு வழக்கத்தை அவள் உண்டாக்கி, அது பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் அடியில் என்ன கிடக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

சரி, பழம். கூடையில் எலுமிச்சம்பழம் மஞ்சளாக நிறைந்து கிடந்தது, தோல் மெலிந்த ஊர்ப் பழம், மாமி கொடுத்தனுப்பியது. ஒன்றை எடுத்து மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினாள். உருட்டினால் உள்ளே சதை கழன்று சாறு நிறைய வரும். உருட்ட உருட்டப் பழம் விறைப்பு விட்டு, தூங்கப் போகிற பிள்ளையின் கன்னம் மாதிரி, சீ, எதற்கு இப்போது அதை இதோடு சேர்க்கணும், பந்து மாதிரி, பந்து மாதிரி என்று வைத்துக்கொள்வோம், பந்து மாதிரி இளகியது. ஸ்பூனைத் திருப்பிப் பிடித்து, பழத்தில் காம்பு இருந்த குழியில் ஸ்பூன் பிடியின் முனையால் குத்தினாள். வழுக்கியது. இன்னும் ஓங்கிக் குத்தினாள். பீச்சியடித்துக் கண்ணில் விழுந்தது. "யேசுவே" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு தனியாக நின்று சிரித்தாள், துறைமுகத்தில் அவனுக்குக் கண்ணெரிச்சல், சமையல்கட்டில் இவளுக்கு. பாவம் செய்கிறவளுக்கு உடனே தண்டனை என்று கான்வென்ட் சிஸ்டர் ஒட்டிலியா இருந்தால் சொல்லியிருப்பார். இல்லை, சொல்லியிருக்க மாட்டார், அவர் தண்டனையைப் பற்றிப் பேசவே மாட்டார், அவர் பேசுவதெல்லாம் இடங்கொடுப்பதைப் பற்றித்தான். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது கரும்பலகையில் மூன்று வட்டம் போடுவார். முதல் வட்டம், நினைப்பு வருவது. நடு வட்டம், நினைப்புக்கு இடங்கொடுப்பது. கடைசி வட்டம், செய்வது. "வர்றது நம்ம கையில இல்ல, கண்ணுகளா. இடங்கொடுத்தியா, அதைத்தான் சாமியார் கேப்பாரு." அன்றைக்கு ராத்திரியெல்லாம் ஜெசிந்தா யோசித்து, மறுநாள் சாமியாரின் காதருகில் போய், என் ஜாமெட்ரி பாக்ஸை உடைச்ச பக்கத்து பெஞ்சுக்காரியைக் கொல்ல நினைச்சேன், இடங்கொடுத்தேன் ஃபாதர் என்றாள். திரைக்குப் பின்னால் சாமியார் இருமினார், இருமல்தானா என்று இன்றைக்கும் சந்தேகம். எவ்வளவு நேரம் இடங்கொடுத்தாய் என்று கேட்டார். ரீசஸ் முடியிற வரைக்கும் என்றாள். அது போகட்டும். இப்போது கேட்டால் என்ன சொல்வாள். கொல்ல என்ற சொல்லே வாயில் வராது. நினைப்பு வருகிறது, வந்ததும் அவள் துரத்துகிறாள், துரத்துவதற்கு அதையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது, பார்த்துக்கொண்டே இருந்தால் அது இடங்கொடுப்பதாகாதா, அப்போது தான் எந்த வட்டத்தில் நிற்கிறோம். பிள்ளை பெற்றதிலிருந்து அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் பாவம் செய்தேன் என்று எல்லாரும் நெஞ்சில் தட்டிக்கொள்கிற நேரம் பார்த்து, செலின் சிணுங்குகிறாள் என்று வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். செலின் சிணுங்கியிருக்க மாட்டாள். கோயில் முற்றத்துப் புறாவைப் பார்த்துக் காலை உதைப்பாள்.

"என்னட்டி, எலுமிச்சம்பழத்துக்கு ஊசி போடுதியா?" வாசலில் மைமூன். மாடி வீட்டுக்காரி, ஜெசிந்தாவைவிட ரெண்டு வயசு மூப்பு, இடுப்பில் காலிப் பாத்திரம், கையில் ஒரு கொத்துச் சப்ஜா இலை. "எங்க ஃப்ரிட்ஜு சும்மா காத்துதான் ஊதுது. ஐஸ் இருந்தாக் கொஞ்சம் தா. சும்மா வரல, இந்தா, செடியில கிள்ளிட்டு வந்தேன், சர்பத்துல போட்டா மணக்கும்." சொல்லிக்கொண்டே பாயில் கிடந்தவளை எட்டிப் பார்த்து, "எம்மா, எப்படிக் கெடக்கா பாரு, ராசாத்தி" என்று திருஷ்டி கழித்தாள். அப்புறம் மேடையைப் பார்த்தாள். குத்துப்பட்டுத் தோல் கிழிந்த ஒரு பழம், வளைந்துபோன ஸ்பூன், ஜெசிந்தாவின் ஒரு கண் மட்டும் செக்கச்செவேல். "கத்தி எங்க?" "மேல, பரண்ல." "பரண்லயா?" "குடில் பெட்டிக்குள்ள. கிறிஸ்மஸ் பெட்டி." "ஏன், டிசம்பர்லதான் வெட்டுவியளோ?" ஜெசிந்தா பதில் சொல்லுமுன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள், எதையும் கேட்டுச் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காகிதத்தைப் பிரிக்கிற சத்தம். "ஆடு இருக்கு. ஒட்டகம் இருக்கு. ராசாமாரு மூணு பேரும் இருக்காவ. இந்தா இருக்கு கத்தி. ஏட்டி, எல்லாரும் இருக்காவ, பிள்ளைய மட்டும் காணோமே?" சும்மா கேட்டதுதான். கேட்டதும் ஜெசிந்தாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. "பிள்ள பீரோல இருக்குக்கா. சேலைக்குள்ள. கத்தி பக்கத்துல கெடக்க வேண்டாம்னு நான்தான் எடுத்துத் தனியா வச்சேன்" என்றாள். குடிலில் வைக்கும் குழந்தை யேசு பொம்மையைத்தான் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் அதோடு நிறுத்த முடியவில்லை. மீதியும் வந்துவிட்டது. வழக்கம் கிழக்கம் ஒன்றுமில்லை அக்கா, கத்தியையும் இவளையும் சேர்த்துப் பார்த்தா எனக்கு ஒரு நினைப்பு வருது, இந்தக் கை ஏதாச்சும் பண்ணிருமோன்னு, நான் பண்ணமாட்டேன், சத்தியமாப் பண்ணமாட்டேன், ஆனா வருது.

சொன்னதும் ஜெசிந்தா ஒன்றை மட்டும்தான் கவனித்தாள், மைமூனின் கண் எங்கே போகிறது என்று. பாய்க்குப் போனால், பிள்ளையை ஒரு பார்வை பார்த்துப் பிறகு அவளைப் பார்த்தால், எல்லாம் முடிந்தது. விஷயம் மாடிக்குப் போகும், ஃபெலிக்ஸுக்குப் போகும், மாமி மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு வருவாள், செலினைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள். நியாயம்தானே என்று இவளும் சும்மா நிற்பாள், பால் கட்டின மார்போடு. மைமூனின் கண் எங்கேயும் போகவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். "எனக்கு மொட்டமாடி" என்றாள். "என்னக்கா?" "எனக்கு மொட்டமாடிட்டி. எம் மவன் பொறந்தப்ப. துணி காயப்போடப் போவேன், தோள்ல இவன் கெடப்பான், கைப்பிடிச்சுவர் பக்கம் வந்ததும், கை விட்டுட்டா? விட்டுட்டாங்கூட இல்ல, நானே போட்டுட்டா? அப்படியே குப்புனு வேர்த்துரும். எத்தன மாசம் வீட்டுக்குள்ள கொடி கட்டித் துணி காயப்போட்டேன் தெரியுமா? வீடெல்லாம் ஈரத்துணி முக்கல் நாத்தம். எங்க மாமியா, மாடியில பேய் பாத்திருக்கான்னு ஓதித் தண்ணி எல்லாம் தெளிச்சா." இத்தனை உரக்கப் பேசுகிற, எதற்கும் கூச்சப்படாத மைமூனுக்கா. "யார்ட்டயும் சொல்லலியா?" "பிள்ளைக்கு ஊசி போடப் போனப்ப டாக்டரம்மாட்ட சொன்னேன். சொல்லிட்டு, போலீஸக் கூப்பிடப் போறாவன்னு பயந்து உக்காந்துருக்கேன். அந்தம்மா, உனக்கு மட்டும்னு நெனச்சியா, பிள்ள பெத்தவ எத்தன பேருக்கு வருது தெரியுமா, நினைப்புக்குப் பயப்படுதவ அதச் செய்யிறவ இல்லம்மான்னாவ. தூங்குன்னாவ. வீட்டுக்காரர எழுப்பிவிட்டுட்டு நீ தூங்குன்னாவ. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா வந்து சொல்லு, அதுக்கு வைத்தியம் இருக்குன்னாவ. ரெண்டாவது தடவையும் போனேன். ஒரு நட உன்னயும் கூட்டிட்டுப் போறேன்." கத்தியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஈரத்தோட வச்சுத் துருப்பிடிச்சு வேற கெடக்கு, ஓரத்துல. நல்லா வச்சிருக்கட்டி இதுக்கு. பரண்ல தனி ரூம்பு, தொணைக்கு ஆடு ஒட்டகம். வாடகை கிடகை வாங்குதியா?" மாடியிலிருந்து, "ம்மா, முட்டாயி" என்று அவள் மகன் கத்தினான். "வாறேன்டா" என்று இவள் அதற்கு மேல் கத்த, செலின் திடுக்கிட்டுக் கையை விரித்து மறுபடி மூடிக்கொண்டாள். "வெட்டித் தந்துட்டுப் போவட்டா?" என்று மைமூன் எழுந்தாள். ஜெசிந்தாவின் வாய் மறுபடியும் கையைக் கேட்காமல், "வேண்டாம்க்கா, வச்சுட்டுப் போங்க" என்றது. மைமூன் கத்தியை மேடையில் வைத்தாள், ஐஸைத் தானே எடுத்துப் பாத்திரத்தில் தட்டிக்கொண்டாள், "ஃபெலிக்ஸுட்ட சொல்லு. பாவம், காய் வெட்டி வெட்டி மனுசன் வெரலு தேயுது" என்று சொல்லிக்கொண்டே படியேறிவிட்டாள்.

மேடையில் எலுமிச்சம்பழம், புதினா, சப்ஜா இலை, கத்தி. தரையில் செலின். தனி ரூம்பு என்றாளே. ஜெசிந்தா அசையாமல் நின்று அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரணில் ஒரு பெட்டி அந்த நினைப்புக்கு. ஃபெலிக்ஸின் காலைத் தூக்கம் அதற்கு. மாமி காதில் போட்ட ஒரு பொய், ஞாயிற்றுக்கிழமைப் பூசை, பீரோவில் ஒரு சேலை மடிப்பு, முட்டை அறுக்க நூல், எல்லாம் அதற்கு. வீட்டையே காலி செய்து கொடுத்திருக்கிறேன், பிறகு நடு வட்டத்தில் நிற்கிறேனா இல்லையா என்று கணக்குப் பார்க்கிறேன். சிஸ்டர் சொன்ன இடங்கொடுப்பது இதுவாக இருக்காது, சிஸ்டர் ஆசைப்பட்டு இடங்கொடுப்பதைச் சொன்னார், இவள் பயந்து கொடுத்தாள். விருந்தாளி என்று ஒருத்தன் வாசலில் வந்து நின்றதுமே வீட்டுக்காரி பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு தெருவில் போய்ப் படுத்த கதை. பிள்ளையைப் பாயோடு படுக்கையறைக்குள் இழுத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெட்டலாமா என்று தோன்றியது. குனிந்து பாயின் ஓரத்தைப் பிடித்தும்விட்டாள். செலின் தூக்கத்தில் சிரித்தாள், யாரைப் பார்த்தோ. பாயை விட்டுவிட்டாள். கத்தியைக் குழாயடியில் கழுவினாள், துருவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், துடைத்தாள். பழத்தை வைத்து, இடது விரல்களை மடக்கிப் பிடித்து, அழுத்தினாள். தோல் கொஞ்சம் எதிர்த்து, பிறகு விட்டுக் கொடுத்தது. உள்ளேயிருந்து வந்த வாசனைக்கு அவள் தயாராக இருக்கவில்லை. நாலு மாசமாக ஃபெலிக்ஸ் வெட்டி டப்பாவில் அடைத்து ஆறிப்போன எலுமிச்சம்பழம்தான், வெட்டுகிற கைக்கு முன்னால் அந்த மணம் எழும்புவதை மறந்தே போயிருந்தாள். அப்போது அது வந்தது. வழக்கம்போல, அதே வரி, ஒரு எழுத்து மாறாமல். ஜெசிந்தாவின் முதுகில் வேர்த்தது. கத்தி பழத்தின்மேல் நின்றது. துரத்தவில்லை. இருந்துகொள், எனக்கு வேலை கிடக்கிறது என்று சொல்லவும் இல்லை, அப்படியெல்லாம் சொல்ல அவளுக்குத் தைரியம் போதாது. பயந்துகொண்டே அடுத்த பழத்தை வெட்டினாள். பயம் இருந்தது, கை வெட்டியது, பிள்ளை தூங்கியது, மூன்றும் ஒரே அறையில் நடந்தன. அதற்கடுத்த பழத்தில் கொட்டை நிறைய இருந்தது. சாற்றில் கொட்டை விழுந்து ஊறினால் கசக்கும், வடிகட்டியை எங்கே வைத்தேன் என்று தேடினாள். தேடி எடுத்துக் கழுவும்போதுதான், அந்த வரி எப்போது எழுந்து போனது என்று கவனிக்காமல் விட்டுவிட்டது தெரிந்தது. போகவில்லையோ என்னமோ, எங்காவது மூலையில் இருக்கும். இருக்கட்டும், வடிகட்டி கிடைத்துவிட்டது.

மீதி வேலை இழைந்தது. சீனியை வெந்நீரில் கரைத்து ஆறவைத்தாள், அப்படியே போட்டால் அடியில் தங்கிவிடும். பழத்தைப் பாதி பலத்தில்தான் பிழிந்தாள், கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டு முறுக்கினால் வெள்ளைத்தோல் கசப்பு இறங்கிவிடும். இடிகல்லில் இஞ்சித் துண்டை நசுக்கி, அதே கல்லில் புதினாவைப் போட்டு லேசாக ரெண்டு தட்டு. அரைத்துவிட்டால் பச்சை வாடை, தட்டினால் மணம், இந்த வித்தியாசத்தை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, கல்யாணமான புதுசில் ரெண்டு தடவை கெடுத்துக் கற்றுக்கொண்டது. சப்ஜா இலையைக் கையாலேயே கசக்கிப் போட்டாள். உப்பு ஒரு சிட்டிகை, கவனம் பிசகி ரெண்டு சிட்டிகையாக விழுந்தது. பானைத் தண்ணீர், ஐஸ், மேலே மிதக்க நாலு கொழுந்து. கண்ணாடி ஜக்கின் வெளிப்புறம் மெல்ல வேர்த்து, சொட்டுச் சொட்டாக வழிய ஆரம்பித்தது. ஒரு டம்ளர் ஊற்றித் தானே முதலில் குடித்தாள். பால் கொடுக்கிறவள் புளிப்பு தொட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று மாமி சொன்னது தொண்டை வரைக்கும் கூடவே வந்தது, அதைத் தாண்டிக் குளிர்ச்சி இறங்கியது. புளிப்பு, அதன் பின்னால் இஞ்சி, அதன் பின்னால் மூக்கு வழியாகப் புதினா. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தரையில் செலின் எழுந்துவிட்ட சத்தம், முதலில் ஒரு முனகல், பிறகு "ங்கா". எடுத்து நெஞ்சோடு அணைத்ததும் அது அவள் விரலைப் பிடித்து நேராக வாய்க்குள் கொண்டுபோனது, கழுவின கைதான், ஆனாலும் நகக்கண்ணில் எலுமிச்சை இருந்திருக்கும். முகம் அப்படியே சுருங்கிக் கிழவி முகமாகி, உடம்பெல்லாம் ஒரு தரம் உதறி, பிறகு அம்மாவைச் சந்தேகத்தோடு பார்த்து, மறுபடி அதே விரலை இழுத்தது. ஜெசிந்தா சத்தமாகச் சிரித்தாள். "வேணுமா? உனக்கு வேணுமா? பல்லே இல்ல, அதுக்குள்ள ஜூஸா?"

பைக் வந்து நின்றது. ஃபெலிக்ஸ் உப்பும் தூசியுமாக உள்ளே வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, அவள் நீட்டின டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றான், "ஆனா இதுக்காகத்தான் உசுரக் கையில பிடிச்சிட்டு வந்தேன்." செலினை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அதன் வயிற்றில் முகத்தைத் தேய்த்தான், அது அவன் காதைப் பிடித்து இழுத்தது. நிமிரும்போது மேடை கண்ணில் பட்டது, பிழிந்து கவிழ்த்த எலுமிச்சை மூடிகள் வரிசையாக, பக்கத்தில் ஈரமாகக் கத்தி. "யாரு, மைமூனக்காவா வெட்டுனாவ?" "நான்தான்." "உங்க வழக்கத்துல பல்லு மொளைக்கணுமே?" என்று சிரித்துக்கொண்டே காலி டம்ளரை நீட்டினான், "இன்னும் கொஞ்சம் ஊத்து." இத்தனை நாளும் இந்த இடத்துக்கு அவள் எத்தனையோ வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள், இங்கிலீஷில் சில, தமிழில் சில, எதுவும் இப்போது நாக்கில் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். களைத்துப்போன, வெயில் குடித்த, எதையும் எதிர்பார்க்காத முகம். ஜக்கை ரெண்டு கையாலும் தூக்கினாள். "வழக்கம்னு ஒண்ணும் இல்லங்க" என்றாள். அவன் மடியில் செலின் காலை உதைத்தது. புதினா இலை ஒன்று ஜக்கின் வாயில் வந்து அடைத்து, ஜூஸ் நின்று, பிறகு பக்கவாட்டில் வழி கண்டுபிடித்து டம்ளருக்குள் விழுந்தது. ஊற்றிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.